மகளின் பிரசவத்துக்காக நியூஜெர்சி செல்ல வேண்டும்: சென்னையிலிருந்து குறைந்த கட்டணத்தில் டிக்கெட் எடுப்பது எப்படி?

மடிப்பாக்கம்வாசி எழுதியது:

அனைவருக்கும் வணக்கம். நானும் என் மனைவியும் மடிப்பாக்கத்தில் வசிக்கிறோம். எங்கள் மகள் அமெரிக்காவில் நியூஜெர்சி மாநிலத்தில், எடிசன் நகருக்கு அருகில் இருக்கிறாள். ஜனவரி மூன்றாம் வாரத்தில் பிரசவம் இருக்கும் என்று மருத்துவர் நாள் குறித்திருக்கிறார். தலைப்பிரசவம் என்பதால் நாங்கள் முன்னதாகவே சென்று, குழந்தை பிறந்த பிறகு மூன்று மாதமாவது உடனிருந்துவிட்டுத் திரும்ப வேண்டும் என்று நினைக்கிறோம். இருவருக்கும் பத்தாண்டு விசா ஏற்கெனவே இருக்கிறது. நான் ஓய்வூதியம் வாங்குபவன். மகளிடமோ மருமகனிடமோ டிக்கெட்டுக்குப் பணம் கேட்க எனக்கு விருப்பமில்லை.

கடந்த ஒரு வாரமாக இரவு உணவுக்குப் பிறகு கைப்பேசியில் கட்டணங்களைப் பார்த்து வருகிறேன். டிசம்பர் 20ஆம் தேதி புறப்பட்டு மே மாதக் கடைசியில் திரும்புவதற்கு ஒருவருக்கு 1,48,000 ரூபாய் என்று திங்கட்கிழமை காட்டியது. மகளிடம் கேட்டுவிட்டு எடுக்கலாம் என்று விட்டுவிட்டேன். புதன்கிழமை அதே விமானத்துக்கு 1,61,000 ரூபாய் என்று வந்தது. இரண்டு பேருக்குச் சேர்த்து இரண்டே நாளில் 26,000 ரூபாய் ஏறிவிட்டது. திரும்பத் திரும்பத் தேடினால் நாம் அவசரத்தில் இருக்கிறோம் என்று இணையதளம் தெரிந்துகொண்டு விலையை ஏற்றிவிடும், ஆகவே தேடிய தடம் பதியாத ரகசியப் பக்கத்தில் (இன்காக்னிட்டோ) தேட வேண்டும் என்று பக்கத்து வீட்டுப் பிள்ளை சொல்கிறான். அது உண்மையா?

இன்னும் சில சந்தேகங்கள் உள்ளன. பெங்களூரிலிருந்து ஏறினால் குறையும் என்று ஓர் உறவினர் சொல்கிறார். முதலில் கொழும்புக்கோ துபாய்க்கோ ஒரு மலிவான டிக்கெட், அங்கிருந்து நியூயார்க்குக்கு வேறொரு டிக்கெட் என்று பிரித்து எடுத்தால் நிறைய மிச்சமாகும் என்று இன்னொருவர் சொல்கிறார். தெரிந்த ட்ராவல்ஸ்காரரிடம் போவதா, விமான நிறுவனத்தின் இணையதளத்திலேயே எடுப்பதா என்பதும் தெரியவில்லை. என் மனைவிக்கு முழங்கால் வலி உண்டு. நீண்ட தூரம் நடக்க முடியாது. பிரசவ லேகியம், பருப்புப்பொடி, குழந்தைக்கான பழைய மெல்லிய பருத்தித் துணிகள் என்று அவள் எடுத்துவைப்பதைப் பார்த்தால் நான்கு பெட்டிகள் நிச்சயம் வரும். இவற்றையெல்லாம் கருத்தில் கொண்டு, அனுபவம் உள்ளவர்கள் வழி சொன்னால் நன்றியுடையவனாக இருப்பேன்.

---

எழும்பூர் டிக்கெட் மேசை எழுதியது:

ஐயா, வணக்கம். உங்கள் மகளுக்குச் சுகப்பிரசவம் ஆக வேண்டும் என்று வேண்டிக்கொள்கிறேன். நான் எழும்பூரில் ஒரு ட்ராவல்ஸ் அலுவலகத்தில் 22 ஆண்டுகள் டிக்கெட் போடும் மேசையில் இருந்து ஓய்வு பெற்றவன். மகள் பிரசவத்துக்காகவும் மருமகள் பிரசவத்துக்காகவும் போகும் பெற்றோர்களுக்குத்தான் என் கையால் அதிகம் டிக்கெட் போட்டிருக்கிறேன் என்பதால் சற்று விரிவாகவே எழுதுகிறேன்.

எல்லாவற்றுக்கும் முன்னால் தேதியைப் பாருங்கள். நீங்கள் தேர்ந்தெடுத்திருக்கும் இரண்டு தேதிகளும் கட்டணம் ஏறும் பக்கமாகவே இருக்கின்றன. அமெரிக்காவில் இருக்கும் நம் பிள்ளைகள் டிசம்பர் நடுவில் இங்கே வந்து, ஜனவரி முதல் இரண்டு வாரங்களில் திரும்பிச் செல்கிறார்கள். ஜனவரியில் வகுப்பு தொடங்கும் மாணவர்களும் அதே சமயத்தில்தான் புறப்படுகிறார்கள். அதனால் இங்கிருந்து அங்கே போகும் விமானங்கள் டிசம்பர் கடைசி வாரத்திலிருந்து பொங்கல் வரை நிறைந்து போகும். அதே விமானங்கள் டிசம்பர் முதல் பத்து நாட்களில் அவ்வளவு நிறையாது, ஏனென்றால் அப்போது கூட்டம் எதிர்த்திசையில் வந்துகொண்டிருக்கும். திரும்பும் பயணத்துக்கும் இதே கணக்குத்தான். மே மாதக் கடைசியிலிருந்து ஜூன் வரை அங்குள்ள பள்ளிகளுக்கு விடுமுறை விடுகிறார்கள். குடும்பம் குடும்பமாக இந்தியாவுக்குக் கிளம்புகிறார்கள். நீங்கள் மே கடைசியில் திரும்ப நினைத்தால் அந்தக் கூட்டத்தோடு போட்டி போட வேண்டும். சித்திரை பிறந்து ஏப்ரல் மூன்றாம் அல்லது நான்காம் வாரத்தில் திரும்பினால் குழந்தைக்கும் மூன்று மாதம் முடிந்திருக்கும்; கட்டணமும் இறங்கியிருக்கும். கார்த்திகை தீபத்தை வீட்டில் ஏற்றிவிட்டு, மார்கழி பிறப்பதற்கு முன் கிளம்புவது என்று வைத்துக்கொண்டு தேடிப் பாருங்கள். மற்ற எந்த உத்தியைவிடவும் இந்த ஒரு மாற்றத்தில்தான் உங்களுக்கு அதிகம் மிச்சமாகும் என்பது என் உறுதியான கருத்து. சுற்றுலா விசாவில் செல்பவர்களுக்குப் பொதுவாக ஆறு மாதம் தங்க அனுமதி தருகிறார்கள்; எந்தத் தேதி வரை என்பதை அங்கே இறங்கும்போது குடியேற்ற அதிகாரிதான் முடிவு செய்வார். டிசம்பர் தொடக்கத்திலிருந்து ஏப்ரல் கடைசி என்பது ஐந்து மாதத்துக்குள் அடங்கிவிடும்.

அடுத்து, இரண்டு நாளில் 13,000 ரூபாய் ஏன் ஏறியது என்று கேட்டிருந்தீர்கள். உங்கள் கைப்பேசி உங்களை வேவு பார்த்ததால் ஏறவில்லை. எகானமி வகுப்பில் ஒரே மாதிரி இருக்கையில், ஒரே சாப்பாட்டைச் சாப்பிட்டுக்கொண்டு போகும் முந்நூறு பேரும் ஒரே கட்டணம் கொடுத்தவர்கள் அல்ல. விமான நிறுவனம் அந்த இருக்கைகளைப் பல கட்டண அடுக்குகளாகப் பிரித்து, ஒவ்வோர் அடுக்குக்கும் ஓர் ஆங்கில எழுத்தைப் பெயராக வைத்திருக்கும். மலிவான அடுக்கில் இருக்கும் சில இடங்கள் விற்றுத் தீர்ந்ததும் திரையில் அடுத்த அடுக்கின் கட்டணம் தோன்றும். யாராவது ரத்து செய்தாலோ, விற்பனை மந்தமாக இருப்பதைப் பார்த்து நிறுவனமே கீழ் அடுக்கைத் திறந்தாலோ மீண்டும் இறங்கும். திங்கட்கிழமைக்கும் புதன்கிழமைக்கும் இடையில் அந்த அடுக்கு தீர்ந்திருக்கிறது என்பதே இதன் பொருள். ரகசியப் பக்கத்தில் தேடுவதால் தீங்கு ஒன்றுமில்லை. அதை நம்பி நாட்களை வீணாக்க வேண்டாம். செவ்வாய்க்கிழமை நள்ளிரவில் எடுத்தால் மலிவு என்று சொல்வதையும் அப்படியே விட்டுவிடுங்கள்.

இந்த அடுக்கு முறையால் குடும்பமாகத் தேடுபவர்களுக்குத் தெரியாமலேயே ஒரு நட்டம் நேர்கிறது. கீழ் அடுக்கில் ஒரே ஓர் இடம் மிச்சமிருக்கும்போது நீங்கள் இரண்டு பேருக்கு என்று தேடினால், கணினி ஒருவருக்குக் குறைவாகவும் மற்றவருக்கு அதிகமாகவும் காட்டாது. இரண்டு இடம் சேர்ந்து கிடைக்கும் மேல் அடுக்குக்கு இருவரையும் ஏற்றிவிடும். ஆகவே ஒவ்வொரு தேதிக்கும் முதலில் ஒருவருக்கு என்று தேடிப் பாருங்கள், பிறகு இருவருக்கு என்று தேடிப் பாருங்கள். தலைக்கு வரும் தொகை இரண்டிலும் ஒன்றாக இருந்தால், கீழ் அடுக்கில் உங்கள் இருவருக்கும் இடம் இருக்கிறது என்று அறிந்துகொள்ளலாம்.

தேடுவதற்குக் கூகுள் ஃப்ளைட்ஸ் அல்லது ஸ்கைஸ்கேனர் போதும். கூகுள் ஃப்ளைட்ஸில் புறப்படும் தேதியும் திரும்பும் தேதியும் குறுக்கும் நெடுக்குமாகக் கட்டம் போட்டுக் காட்டும் வசதி உண்டு. உங்களைப் போல ஒரு வாரம் முன்பின் நகர முடிந்தவர்களுக்கு அதைவிட நல்ல கருவி இல்லை. விலையைக் கண்காணிக்கச் சொல்லி வைத்தால், மாறும்போது மின்னஞ்சல் வரும். இரவெல்லாம் பார்த்துக்கொண்டிருக்கத் தேவையில்லை. ஆனால் இவை கட்டணத்தைக் காட்டும் இடங்களே தவிர, டிக்கெட்டை விற்பவை அல்ல. அங்கே மிகக் குறைவாகத் தெரியும் தொகையைத் தொட்டால் பெயரே கேள்விப்படாத ஒரு விற்பனையாளரின் பக்கத்துக்குப் போய் நிற்பீர்கள்.

அங்கேதான் நீங்கள் கவனமாக இருக்க வேண்டும். ஆறு எழுத்துகளும் எண்களும் கலந்த பிஎன்ஆர் ஒன்று கையில் வந்துவிட்டாலே டிக்கெட் வந்துவிட்டது என்று பலர் நம்புகிறார்கள். பிஎன்ஆர் என்பது இடம் பிடித்து வைத்ததற்கான குறிப்பு மட்டுமே. டிக்கெட் என்பது 13 இலக்க எண். அதன் முதல் மூன்று இலக்கங்கள் விமான நிறுவனத்தைக் குறிக்கும்: ஏர் இந்தியாவுக்கு 098, எமிரேட்ஸுக்கு 176, கத்தார் ஏர்வேஸுக்கு 157, லுஃப்தான்சாவுக்கு 220, பிரிட்டிஷ் ஏர்வேஸுக்கு 125. இந்த எண் இல்லாத தாளை எடுத்துக்கொண்டு விமான நிலையத்துக்குப் போனால் உள்ளே ஏற முடியாது. வேறெங்கோ இணையத்தில் இரண்டாயிரம் ரூபாய் குறைவு என்று பணம் கட்டிவிட்டு, பயணத்துக்கு நான்கு நாள் முன்பு சந்தேகம் வந்து என் மேசைக்குத் தாளைக் கொண்டுவந்த ஒரு தம்பதியை நான் மறக்கவே மாட்டேன். தாளில் பிஎன்ஆர் இருந்தது, பெயர் இருந்தது, விமான எண் இருந்தது. டிக்கெட் எண் இருக்க வேண்டிய இடம் வெறுமையாக இருந்தது. கணினியில் பார்த்தபோது, பணம் போய்ச் சேராததால் அந்த இடங்கள் எப்போதோ விடுவிக்கப்பட்டிருந்தன. அந்த அம்மா தாளைத் திருப்பித் திருப்பிப் பார்த்துக்கொண்டே இருந்தார்.

ஆகவே கட்டணத்தைத் தேடும் தளத்தில் கண்டுபிடியுங்கள், விமான நிறுவனத்தின் சொந்த இணையதளத்தில் வாங்குங்கள். வித்தியாசம் பெரும்பாலும் சில ஆயிரங்களுக்குள்தான் இருக்கும். நேரம் மாறினாலும் விமானம் ரத்தானாலும் நிறுவனம் உங்களோடு நேரடியாகப் பேசும். இல்லாவிட்டால் விற்றவரிடம் போங்கள் என்று அவர்களும், நிறுவனத்திடம் போங்கள் என்று இவர்களும் சொல்லிக்கொண்டிருப்பார்கள். உங்கள் பகுதியில் பல ஆண்டுகளாகக் கடை வைத்திருக்கும், நேரில் போய்க் கேட்கக்கூடிய ட்ராவல்ஸ்காரர் இருந்தால் அதுவும் நல்லதே. நான் அந்தத் தொழிலில் இருந்தவன் என்பதற்காகச் சொல்லவில்லை; இணையத்தில் தேதி மாற்றத் தெரியாத பெரியவர்களுக்கு, தொலைபேசியை எடுத்துப் பேச ஓர் ஆள் இருப்பது சிறிய விஷயமல்ல.

பெங்களூரைப் பொறுத்தவரை, சென்னையிலிருந்து 350 கிலோமீட்டர். நான்கு பெட்டிகளோடும் முழங்கால் வலியோடும் போவதென்றால் வாடகை வண்டி வைத்தாக வேண்டும். விமானம் விடியற்காலையில் என்றால் ஓர் இரவு விடுதியிலும் தங்க வேண்டும். போகும்போதும் வரும்போதும் அந்தச் செலவை எழுதிப் பார்த்து, அதற்குப் பிறகும் இருவருக்கும் சேர்த்து முப்பதாயிரமாவது மிஞ்சினால் மட்டும் யோசியுங்கள்.

---

அம்பத்தூர் அம்மா எழுதியது:

இரண்டு டிக்கெட்டுகளாகப் பிரித்து எடுக்கும் யோசனையைப் பற்றி மட்டும் நான் எழுதுகிறேன், ஏனென்றால் அதைச் செய்து அனுபவித்தவள் நான். என் மகன் மெல்போர்னில் படிக்கிறான். முதல் முறை அவன் போனபோது, சென்னையிலிருந்து தென்கிழக்கு ஆசிய நகரம் ஒன்றுக்கு ஒரு நிறுவனத்திலும், அங்கிருந்து மெல்போர்னுக்கு வேறொரு நிறுவனத்திலும் டிக்கெட் எடுத்தோம். ஒரே டிக்கெட்டாக எடுப்பதைவிட 14,000 ரூபாய் குறைந்தது. இடையில் நான்கரை மணி நேரம் இருக்கிறதே, போதாதா என்று நினைத்தோம்.

சென்னையிலேயே விமானம் மூன்று மணி நேரம் தாமதமாகப் புறப்பட்டது. பெட்டி மெல்போர்ன் வரை நேராகப் போகாது, இடையில் இறங்கி நாமே எடுத்து மறுபடியும் ஒப்படைக்க வேண்டும் என்பது எங்களுக்குத் தெரிந்திருந்தது. ஆனால் பெட்டியை எடுக்க வேண்டுமென்றால் அந்த நாட்டுக்குள் நுழைய வேண்டும், அதற்குக் குடியேற்ற வரிசையில் நிற்க வேண்டும் என்பதை நாங்கள் எண்ணிப் பார்க்கவே இல்லை. வரிசையில் நாற்பது நிமிடம். அதற்குப் பிறகு பெட்டி வருவதற்கு இருபது நிமிடம். இரண்டாவது விமானம் வேறொரு முனையத்திலிருந்து புறப்படுவது. அங்கே போக ரயில் ஏற வேண்டும். பெட்டிகளைத் தள்ளிக்கொண்டு அவன் போய்ச் சேர்ந்தபோது கவுண்டரில் விளக்கை அணைத்துவிட்டார்கள். பயணப் பலகையில் அவனுடைய விமானத்துக்கு நேராக இன்னும் புறப்படவில்லை என்றுதான் இருந்தது. கண்ணாடிக்கு அந்தப் பக்கம் விமானம் நிற்பது தெரிகிறது அம்மா என்று என்னிடம் தொலைபேசியில் சொன்னான்.

இரண்டு நிறுவனங்களும் பொறுப்பேற்கவில்லை. முதல் நிறுவனம் தன் டிக்கெட்டில் எழுதியிருந்த ஊர் வரை கொண்டுபோய்ச் சேர்த்துவிட்டது. இரண்டாவது நிறுவனத்தைப் பொறுத்தவரை அவன் நேரத்துக்கு வராத பயணி. மறுநாள் விமானத்துக்குப் புதிய டிக்கெட் 41,000 ரூபாய் கொடுத்து எடுத்தோம். இருபது வயதுப் பையன் என்பதால் நாற்காலியில் படுத்து இரவைக் கழித்துவிட்டான். ஐயா, முழங்கால் வலி உள்ள உங்கள் மனைவியை அந்த இடத்தில் வைத்து நினைத்துப் பாருங்கள். ஒரே டிக்கெட்டாக இருந்தால், முதல் விமானம் தாமதமாகி இணைப்பு விமானம் தவறினாலும் அடுத்த விமானத்தில் ஏற்றி அனுப்புவது அந்த நிறுவனத்தின் பொறுப்பு. பெட்டியும் தானாகவே வந்துவிடும்.

---

பள்ளிக்கரணை எழுதியது:

எழும்பூர் ஐயா எழுதிய ஒவ்வொன்றும் பயனுள்ளது. ஒரு விஷயத்தில் மட்டும் எச்சரிக்கையாக இருக்கச் சொல்ல விரும்புகிறேன். டிசம்பர் முதல் பத்து நாட்களில் கட்டணம் குறைவு என்பது சரி; ஆனால் சென்னைக்கு அது புயல் காலம். 2015 டிசம்பர் முதல் தேதி இரவு ஓடுபாதைக்குள் வெள்ளம் புகுந்து மீனம்பாக்கம் விமான நிலையத்தை மூடியவர்கள், பல நாட்கள் கழித்துத்தான் திறந்தார்கள். 2023இல் மிக்ஜாம் புயலின்போது டிசம்பர் 4ஆம் தேதி மூடி மறுநாள் காலையில் திறந்தார்கள். 2024இல் ஃபெஞ்சல் புயலுக்கு நவம்பர் 30ஆம் தேதி மூடினார்கள். பள்ளிக்கரணையில் முழங்கால் அளவு தண்ணீரில் நின்றவன் என்ற முறையில், இந்தத் தேதிகள் எனக்கு மறப்பதில்லை.

எனவே டிசம்பர் தொடக்கத்தில் புறப்படக் கூடாது என்று நான் சொல்லவில்லை. அப்படிப் புறப்படுவதாக இருந்தால், டெல்லிக்கோ பெங்களூருக்கோ ஒரு தனி டிக்கெட், அங்கிருந்து வெளிநாட்டுக்கு வேறு டிக்கெட் என்று எடுப்பது எந்த மாதத்தையும்விட அப்போதுதான் ஆபத்து. மழையால் சென்னையிலிருந்து கிளம்ப முடியாமல் போனால், டெல்லியிலிருந்து போகும் டிக்கெட்டில் நீங்கள் வராத பயணியாகிவிடுவீர்கள். போகும் பயணத்துக்கு வரவில்லை என்று பதிவானதும் திரும்பும் பயணத்தையும் சேர்த்து ரத்து செய்துவிடுவது பல நிறுவனங்களின் வழக்கம். பிரசவ நாளுக்கு ஆறு வாரம் முன்னதாகவே கிளம்புகிறீர்கள் என்பதால் இரண்டு மூன்று நாள் தள்ளிப்போனாலும் உங்களுக்குப் பெரிய இழப்பில்லை. டிக்கெட் மட்டும் சென்னையில் தொடங்கி நியூயார்க்கில் முடியும் ஒரே டிக்கெட்டாக இருக்கட்டும்.

---

மடிப்பாக்கம்வாசி எழுதியது:

இவ்வளவு அக்கறையோடு எழுதிய எல்லோருக்கும் நன்றி. அம்பத்தூர் அம்மா எழுதியதை என் மனைவிக்கு வாசித்துக் காட்டினேன். பிரித்து எடுக்கும் பேச்சே வேண்டாம் என்று சொல்லிவிட்டாள்.

எழும்பூர் ஐயா சொன்னபடி கட்டத்தில் பார்த்தேன். டிசம்பர் 7ஆம் தேதி புறப்பட்டு ஏப்ரல் 22ஆம் தேதி திரும்புவதற்கு, ஒருவருக்கு என்று தேடினால் 1,09,000 ரூபாய் காட்டுகிறது. இருவருக்கு என்று தேடினால் தலைக்கு 1,18,000 ரூபாய் காட்டுகிறது. நீங்கள் எழுதியிருந்தது அப்படியே கண்முன் நடந்ததைப் பார்த்து வியந்துபோனேன். அப்படியானால் ஒரு டிக்கெட்டை 1,09,000 ரூபாய்க்குத் தனியாகவும் இன்னொன்றை 1,18,000 ரூபாய்க்குத் தனியாகவும் எடுத்துவிடலாமா? 9,000 ரூபாய் மிச்சமாகுமே. மேலும், மகள் அங்கிருந்து டாலரில் எடுத்தால் குறையுமா என்றும் கேட்கிறாள்.

---

எழும்பூர் டிக்கெட் மேசை எழுதியது:

தனித்தனியாக எடுக்கலாம், தவறில்லை. இளைஞர்கள் இருவர் என்றால் எடுங்கள் என்றே சொல்லியிருப்பேன். உங்களுக்கு வேண்டாம் என்று நினைக்கிறேன். தனித்தனிப் பிஎன்ஆர் என்றால், நடுவழியில் விமானம் ரத்தாகி மாற்று விமானத்தில் இடம் கொடுக்கும்போது கணினிக்கு நீங்கள் கணவனும் மனைவியும் என்று தெரியாது. ஒருவருக்கு இன்று மாலையும் மற்றவருக்கு நாளைக் காலையும் இடம் விழக்கூடும். இரண்டு பிஎன்ஆர்களையும் இணைத்து வைக்கச் சொல்லி நிறுவனத்திடம் கேட்கலாம் என்றாலும், நெருக்கடியில் அது காப்பாற்றும் என்று நான் நம்புவதில்லை. ஒரு நாள் முன்னாலோ பின்னாலோ நகர்த்திப் பாருங்கள். இருவருக்கும் கீழ் அடுக்கில் இடம் உள்ள தேதி கிடைக்கும்.

டாலரில் எடுப்பதால் கட்டணம் குறையாது. வாங்குபவர் எங்கே இருக்கிறார் என்பதைவிட, பயணம் எந்த ஊரில் தொடங்குகிறது என்பதை வைத்துத்தான் கட்டணத்தை நிர்ணயிக்கிறார்கள். சென்னையில் தொடங்கும் பயணத்துக்குச் சென்னைக் கட்டணம்தான் டாலராக மாறித் தெரியும். நீங்கள் இங்கிருந்து வெளிநாட்டு நாணயத்தில் அட்டையைத் தேய்த்தால் வங்கி தன் பங்குக்குக் கூடுதல் கட்டணம் சேர்த்துக்கொள்ளும். ஆகவே ரூபாயிலேயே கட்டுங்கள். மகள் வாங்குவதில் ஒரு நன்மை மட்டும் உண்டு. அமெரிக்கப் போக்குவரத்துத் துறையின் விதிப்படி, பயணத்துக்கு ஏழு நாளோ அதற்கு மேலோ இருக்கும்போது அங்கே விமான நிறுவனத்திடம் நேரடியாக எடுக்கும் டிக்கெட்டை 24 மணி நேரத்துக்குள் அபராதமின்றி ரத்து செய்யலாம். அல்லது பணம் கட்டாமல் அவ்வளவு நேரம் அதே கட்டணத்தில் பிடித்து வைக்கலாம். இரண்டில் ஒன்றை நிறுவனம் தந்தாக வேண்டும். பெயரில் எழுத்துப்பிழை இருந்தால் அந்த ஒரு நாளில் தெரிந்துவிடும். நம் ஊரில் தந்தை பெயரும் முதலெழுத்தும் பாஸ்போர்ட்டில் விதவிதமாக இருப்பதால் இதைச் சொல்கிறேன். பாஸ்போர்ட்டில் எந்த இடத்தில் எந்தப் பெயர் இருக்கிறதோ, அதே வரிசையில் டிக்கெட்டிலும் இருக்க வேண்டும்.

---

எடிசன் தமிழர் எழுதியது:

நான் இங்கே எடிசனில் பதினோரு ஆண்டுகளாக இருக்கிறேன். என் பெற்றோரை நான்கு முறை அழைத்திருக்கிறேன். நியூயார்க் கென்னடி விமான நிலையத்தை மட்டும் வைத்துத் தேடாதீர்கள். எடிசனுக்கு மிக அருகில் இருப்பது நியூஜெர்சியிலேயே உள்ள நியூஆர்க் விமான நிலையம். கென்னடி அதைவிடத் தொலைவு, இடையில் நெரிசலும் உண்டு. தெற்கே பிலடெல்பியா இருக்கிறது. லண்டன், பிராங்க்ஃபர்ட், தோகா ஆகிய மூன்று ஊர்களிலிருந்தும் பிலடெல்பியாவுக்கு நேரடி விமானம் உண்டு என்பது இங்கே இருப்பவர்களில் பலருக்கே தெரியாது. தேடும்போது மூன்று விமான நிலையங்களையும் சேர்த்தே போடுங்கள். அழைத்துப்போக வருபவர் மருமகன்தான் என்பதால் அவருக்கு ஒரு மணி நேரம் கூடுதலாக ஆவதைப் பொருட்படுத்த மாட்டார்.

பெரியவர்களுக்கு நான் முதலில் பார்ப்பது அபுதாபி வழி. அமெரிக்கக் குடியேற்றச் சோதனையை 2014 முதல் அபுதாபி விமான நிலையத்திலேயே முடித்துவிடுகிறார்கள். பதினான்கு மணி நேரம் பறந்து களைத்து வந்து இங்கே நீண்ட வரிசையில் நிற்க வேண்டியதில்லை. உள்நாட்டுப் பயணியைப் போல இறங்கிப் பெட்டியை எடுத்துக்கொண்டு வெளியே வந்துவிடலாம். ஆனால் அந்தச் சோதனைக்கு நேரம் வேண்டும் என்பதால், அபுதாபியில் மூன்று மணி நேரத்துக்குக் குறையாத இடைவெளி உள்ள விமானமாகப் பாருங்கள். ஒன்றரை மணி நேர இணைப்பு என்று திரையில் பார்த்து மகிழ்ந்து எடுத்துவிடாதீர்கள்.

டிக்கெட் எடுக்கும்போதே சக்கர நாற்காலி வேண்டும் என்று குறித்துவிடுங்கள். அதற்குத் தனிக் கட்டணம் கிடையாது. அம்மாவோடு நீங்களும் கூடவே போகலாம். பெட்டிகளைப் பற்றி ஒரு வார்த்தை: மிகக் குறைவாகத் தெரியும் கட்டணத்தில் ஒரு பெட்டிக்குத்தான் அனுமதி, சில சமயம் அதுவும் இல்லை. கூடுதல் பெட்டிக்குப் பிறகு பணம் கட்டுவதைவிட, ஒருவருக்கு 23 கிலோவில் இரண்டு பெட்டி உள்ள கட்டணத்தை எடுப்பதே மலிவாக முடியும். பணம் கட்டும் பக்கத்துக்கு முந்தைய பக்கத்தில் அந்த விவரம் இருக்கும். அங்கே நின்று நிதானமாகப் படியுங்கள்.

---

மடிப்பாக்கம்வாசி எழுதியது:

எல்லோருக்கும் ஒரு தகவலைச் சொல்லிவிட வேண்டும் என்பதற்காக எழுதுகிறேன். நேற்று மாலை டிக்கெட் எடுத்துவிட்டோம். டிசம்பர் 8ஆம் தேதி சென்னையிலிருந்து அபுதாபி வழியாக நியூயார்க் கென்னடிக்குப் போய், ஏப்ரல் 23ஆம் தேதி அதே வழியில் திரும்புகிறோம். ஒருவருக்குத் தேடியபோதும் இருவருக்குத் தேடியபோதும் தலைக்கு 1,12,000 ரூபாய் என்றே காட்டியது. ஒருவருக்கு இரண்டு பெட்டிகள், ஒவ்வொன்றும் 23 கிலோ. அபுதாபியில் போகும்போது நான்கு மணி நேரம் இருக்கிறது. இதைவிட ஒரு மணி நேர இணைப்பில் 3,000 ரூபாய் குறைவாக ஒன்று இருந்தது, அதைத் தொடவில்லை.

நிறுவனத்தின் சொந்த இணையதளத்திலேயே, ரூபாயில் கட்டினேன். மின்னஞ்சல் வந்ததும் முதலில் நான் தேடியது அந்த 13 இலக்க எண்ணைத்தான். இருவருக்கும் எதிஹாட் நிறுவனத்தைக் குறிக்கும் 607 என்று தொடங்கும் எண்கள் வந்திருக்கின்றன. அவற்றை ஒரு தாளில் பெரிய எழுத்தில் எழுதி, பாஸ்போர்ட்டோடு சேர்த்து வைத்துவிட்டேன். என் மனைவியின் பாஸ்போர்ட்டில் என் பெயர் குடும்பப் பெயர் இடத்தில் இருப்பதால், அதையே அதே வரிசையில் போட்டிருக்கிறோம். மகளும் அங்கிருந்து ஒருமுறை சரிபார்த்துவிட்டாள்.

சக்கர நாற்காலிக்கு இணையத்தில் குறித்தது பதிவானதா என்று தெரியாததால், இன்று காலை தொலைபேசியில் அழைத்துக் கேட்டேன். இரண்டு பயணங்களுக்கும், அபுதாபியில் இறங்கி ஏறும் இடத்துக்கும் சேர்த்துப் பதிவாகியிருக்கிறது என்று சொன்னார்கள். பெரியவர்களுக்கான மருத்துவக் காப்பீடு மட்டும் இன்னும் எடுக்கவில்லை. அதற்குத் தனியாக ஒரு கேள்வி எழுதுகிறேன்.